அம்மா குனியவில்லை

சுனாமிக்கு அடுத்த வருடம் நம் பக்கத்தில் எல்லாரும் எதற்காவது மனு எழுதிக்கொண்டிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். படகுக்கு மனு, வலைக்கு மனு, வீட்டுக்கு மனு. மரக்காணம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் மத்தியானம் வரை வரிசை நிற்கும். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த நாமெல்லாம், கையெழுத்து கொஞ்சம் உருண்டையாக இருந்தால் போதும், தெருவுக்கே எழுத்தர் ஆகிவிட்டோம். அந்த ஒரு வருடத்தில் நான் பதினேழு மனு எழுதினேன். பதினாறு மற்றவர்களுக்கு, ஒன்று அம்மாவுக்கு.

காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்ட வயதில் அந்த ஒன்றைப் பற்றி ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. கையில் ஆதாரம் இருக்கிறது. நீல அட்டை போட்ட எண்பது பக்க நோட்டு. நான் இன்று வரை விடாமல் எழுதும் நாள்குறிப்புகளில் அதுதான் முதலாவது. முதல் மூன்று பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. மற்றவை படிக்கும்படி இருக்கின்றன. நினைவும் நோட்டும் முரண்படும் இடங்களில் நோட்டையே நம்பியிருக்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் ஜோடி. எங்கள் மேஸ்திரியிடம் அதுதான் முறை. ஆண் பாத்தியில் இறங்கிப் பலகைக் கழியால் உப்பை வாரிச் சேர்ப்பார். பெண் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, ஒரு சாண் அகல வரப்பில் நடந்துபோய் மேட்டில் கொட்டுவாள். வேலையை ஜோடிக்குத்தான் கொடுப்பார்கள். வாருவதற்கு ஆள் இருந்து சுமக்க ஆள் இல்லையென்றால், அந்தப் பாத்திகள் வேறு ஜோடிக்குப் போய்விடும்.

கூடைக்கு அடியில் அம்மா தலையில் வைக்கும் சும்மாடு பச்சைப் புடவைக் கிழிசலைச் சுற்றித் தைத்தது. வேர்வையும் உப்புத் தண்ணீரும் ஊறி, காய்ந்தால் மரக்கட்டை போல ஆகிவிடும். அதை அவள் வீட்டுக்குள் கொண்டுவரமாட்டாள். வாசல் ஆணியில் மாட்டுவாள். பக்கத்து வீட்டு ஆடு கயிறு எட்டும் வரை வந்து எக்கி எக்கி அதை நக்கும்.

தலையில் கூடை இருக்கும்போது குனிய முடியாது. குனிந்தால் அரைக் கூடை உப்பு சேற்றில். ஆகவே அளத்துப் பெண்கள் கீழே விழுந்த எதையும் காலால்தான் எடுப்பார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கவ்வி, முழங்காலைப் பின்னால் மடக்கி, ஒரு கையைத் தொங்கவிட்டு வாங்கிக்கொள்வார்கள். கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். நடை நிற்காது. சுருக்குப் பை, வெற்றிலை, சில்லறைக் காசு எதுவானாலும் அப்படித்தான். கூடை இல்லாத நேரத்திலும் கால்தான் முதலில் போகும். எங்கள் தெருவில் அதை யாரும் ஒரு வித்தையாக நினைத்ததில்லை. எடுப்பது என்றால் எடுப்பது.

அம்மா விழுந்தது வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. அலையில் சேறு ஏறிப்போன பாத்திகளைச் சீர்செய்து அந்த வருடம் தாமதமாகத்தான் வேலை தொடங்கியிருந்தது. மேட்டிலிருந்து லாரிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரிக்குச் சாய்த்த பலகையில் உப்பும் ஈரமும் படிந்து வழுக்கியது. அம்மா கூடையோடு பின்பக்கமாக விழுந்தாள். பலகையின் விளிம்பு நடுமுதுகில் பட்டது. கண் திறந்ததும் அவள் முதலில் கேட்டது, கூடை உடைந்துவிட்டதா என்று.

அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துத்தான் கொண்டுபோனார்கள். முதுகெலும்பு நொறுங்கியவரை உட்கார வைக்கக்கூடாது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கூடப் போன பெரியம்மா பாண்டிச்சேரி வரும்வரை முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே போனாளாம். எல்லாரும் கவனமாகத்தான் இருந்தார்கள். இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மா மட்டும் சிரிப்பாள். "அவ தேய்ச்சது நல்லாதான்டி இருந்துச்சு" என்பாள்.

ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று நாள். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது இரண்டே விஷயம்: இனி பாரம் தூக்கக்கூடாது, முதுகை வளைக்க முடியாது. மாத்திரை கொடுத்த நேரத்தையும் வலி வந்த நேரத்தையும் எழுதி வைக்கச் சொல்லி நர்ஸ் ஒருவர் என்னிடம் சொன்னார். ஒரு வாரத்துக்குத்தான் சொன்னார். நான் பதினொரு மாதம் எழுதினேன்.

ஆடி மாதப் பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது: "5.50 எழுந்தாள். நான் கை கொடுத்தேன். 6.15 முதல் 6.25 வரை உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள். கிணறு வரை நடந்தாள், இரண்டு முறை நின்றாள். நெத்திலிக் குழம்பு அவளே வைத்தாள். அடுப்பை மேஜை மேல் வைத்தோம்."

அந்த மேஜை பள்ளிக்கூடத்தில் ஏலம் விட்ட ஒரு பெஞ்சு. அப்பா அதைத் தலையில் தூக்கி வந்து, அம்மாவை நிற்க வைத்து அவள் முழங்கையை அளவு பார்த்துக் காலுக்குச் செங்கல் கொடுத்தார். எங்கள் தெருவில் நின்றுகொண்டு சமைத்த முதல் ஆள் அம்மாதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆவணியில் மேஸ்திரி வந்தார். நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கும் இரண்டு முறை வந்தவர். ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியில் நின்றபடியே அப்பாவிடம் பேசினார்.

"ஏம்பா, இந்த சீசனு போச்சு. மழை வந்துட்டா வேலை இல்லை. தை மாசம் அளம் தொறக்கும்போது உன் ஜோடிக்கு இன்னா பண்ணப் போறே?"

அப்பா பழப் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பொண்ணு வளந்துட்டாளே. ஒம்பதாவது படிச்சிட்டு இன்னா, கலெக்டரா ஆவப்போவுது? அனுப்பு. அரைக் கூடையா தூக்கட்டும். உன் பாத்திய வேற எவனுக்கும் குடுக்க எனக்கு மனசு வரலப்பா."

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அப்பாவின் முகத்திலும் அதுவரை இருந்த கவலை கொஞ்சம் குறைந்ததை நான் பார்த்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே படுத்திருந்த அம்மா குரல் கொடுத்தாள்.

"அண்ணே, அவ போவமாட்டா. நான் கவுர்மெண்டுல மனு குடுக்கப் போறேன்."

அப்படி ஒரு மனு இருப்பது அன்று காலைதான் பெரியம்மா சொல்லி அவளுக்குத் தெரியும். உடம்பு முடியாதவர்களுக்கு மாதாமாதம் தபாலில் பணம் வரும். அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும். அதோடு அப்பா கிடைத்த தனி வேலைக்குப் போனால், நான் பத்தாவது முடிக்கலாம். கணக்கு அவ்வளவுதான். பணம் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் தை மாதம் நான் அளத்தில்.

அப்போது 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. 'ஊனமுற்றோர் உதவித்தொகை வேண்டி' என்றுதான் எழுதினேன். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னாள். 'ஊனமுற்ற எனக்கு' என்ற இடம் வந்ததும் கை காட்டி நிறுத்தினாள்.

"அப்படி எழுதினாத்தான் குடுப்பாங்களா?"

"அதுதான்மா பேரே."

"சரி, எழுதிக்கோ. பெரிசா எழுதாத."

பெரியம்மாவுக்கு வேறு யோசனை இருந்தது. "சுனாமில அடிபட்டுச்சுன்னு ஒரு வரி சேத்துடு. சுனாமின்னா ஓடி வந்து குடுக்குறாங்க."

"அலை வந்தப்ப நான் மேட்டுல நின்னுட்டிருந்தேன். நீயும் என் பக்கத்துலதானே இருந்தே?" என்றாள் அம்மா.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"அலைக்குத் தெரியும்" என்றாள் அம்மா. அந்த வரி சேர்க்கப்படவில்லை.

கிராம அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு, டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். புரட்டாசியில் தாலுகா ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். அதற்கு அம்மாவைத் தயார்செய்யும் வேலையைப் பெரியம்மா எடுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. ஒருவரை அதிகாரி முன்னால் கொண்டு நிறுத்துவது என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குறையில்லாமல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மூன்று நாள் தவிட்டு ஒத்தடம். முந்தின நாள் எண்ணெய்க் குளியல். கல்யாணத்துக்குக் கட்டும் அரக்கு நிறப் புடவை, தலை நிறைய மல்லிகை. "அழுக்கா போய் நின்னா இன்னா நினைப்பாங்க?" வழியில் வலி வந்தால் மானம் போய்விடும் என்று, காலையில் ஒன்று போட வேண்டிய மாத்திரையை இரண்டாகப் போட வைத்தாள். அம்மா மாதக் கணக்கில் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. நானும் மகிழ்ச்சியாகத்தான் பின்னால் நடந்தேன். நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன். கைப்பையில் இடமில்லை. பெரியம்மா எலுமிச்சை சாதம் கட்டியிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டமான கூட்டம். தவழ்ந்து வந்தவர்கள், தூக்கி வரப்பட்டவர்கள், கோலோடு வந்தவர்கள். அம்மா எல்லாருக்கும் வழிவிட்டுச் சுவர் ஓரமாக நிமிர்ந்து நின்றாள். எங்கள் முறை வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. டாக்டர் இளைஞர், அன்பானவர். சாப்பிடாமல் களைத்திருந்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க சார். நீங்க நல்லா இருக்கீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, எலும்பு கூடியிருக்கிறது என்றார். நடக்கச் சொன்னார். அம்மா நடந்தாள். இருபது வருடம் கூடை சுமந்தவளின் நடை அது. தலை அசையாமல், முதுகு நூல் பிடித்ததுபோல. பிறகு அவர் மடித்த காகிதம் ஒன்றைத் தரையில் போட்டுவிட்டு, "இதை எடுங்கம்மா" என்று சொல்லிப் படிவத்தில் எதையோ எழுதக் குனிந்தார்.

அவர் நிமிர்ந்தபோது காகிதம் அம்மாவின் கையில் இருந்தது.

"எடுத்துட்டீங்களா? வெரி குட்." என் பக்கம் திரும்பினார். "பாப்பா, வீட்டுலயும் கீழ விழுந்தா அம்மாவே எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க சார்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அம்மாவை இன்னொருவர் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தாலுகா அலுவலகத்தில் கேட்டபோது, ஊனத்தின் அளவு போதாது என்று மனு தள்ளுபடி ஆகியிருந்தது. எழுத்தர் பொறுமையானவர். தாளைத் திருப்பி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "உதவியில்லாமல் நடக்கிறார். குனிந்து தரையில் உள்ள பொருளை எடுக்கிறார்."

"நான் எங்கங்க குனிஞ்சேன்?" என்றாள் அம்மா.

"எழுதியிருக்குதேம்மா."

பேருந்தில் வரும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். "நான் எங்கடி குனிஞ்சேன்? குனிய முடிஞ்சா நான் ஏன்டி அங்க போறேன்?" பெரியம்மா, டாக்டர் ஆளை மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மூன்று பேரும் அந்த அறையில்தான் இருந்தோம். என்ன நடந்தது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது நினைவிருக்கும். அளம் எது, ஏரி எது என்று தெரியாமல் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்ட நாள்கள் பல. ஐப்பசியில் ஒரு காலை, மணி 7.20 என்று நோட்டில் இருக்கிறது, அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. அடுத்த நொடி சீப்பு மறுபடியும் என் தலையில் ஓடியது. நான் திரும்பிப் பார்க்கவேயில்லை. பின்னி முடித்ததும் வழக்கம்போல நோட்டை எடுத்து எழுதினேன்: "சீப்பு விழுந்தது. எடுத்தாள்." எழுதிவிட்டு, எனக்கு இருந்த ஒழுங்குப் பைத்தியத்தில், பக்கத்தில் 'காலால்' என்று சேர்த்தேன்.

சேர்த்த பிறகுதான் கை நின்றது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். கரண்டி, காலால். சாவி, காலால். மாத்திரை அட்டை, காலால். ஆடியிலிருந்து ஒன்பது இடத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். டாக்டர் கேட்டபோது மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"காலால எடுத்தா எடுத்த மாதிரி இல்லியா?"

"நீ கையால எடுத்தேன்னு அவரு நினைச்சிட்டாரும்மா. குனிஞ்சு எடுத்தேன்னு."

"அளத்துல வந்து பாக்கச் சொல்லு. யாரு குனியிறா?" என்றாள். அப்புறம் சிரித்தாள். சிரித்தால் முதுகில் குத்தும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த முகாம் தை மாதம் என்றார்கள். அளம் திறப்பதும் தையில்தான். இரண்டில் எது முந்தும் என்று தெரியாது. என் பங்குக்கு ஒரு சும்மாடு தைத்துத் தரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். கேட்கவில்லை.

மார்கழியில் மழை விட்டபோது, அப்பா தினமும் சாயங்காலம் காணாமல் போகத் தொடங்கினார். கேட்டால், சும்மா நடக்கிறேன் என்பார். வீட்டுக் கவலையே இல்லாமல் சுற்றுகிறார் என்று நான் நோட்டில் எழுதியிருக்கிறேன். 'பொறுப்பில்லை' என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். ஒருநாள் பாலை வாங்கிக்கொண்டு குறுக்கு வழியில் வரும்போது, காலி வரப்பில் ஒரு ஆள் தலையில் கூடையோடு தள்ளாடித் தள்ளாடி நடப்பதைப் பார்த்தேன். கூடையில் மணல். தலையில் அம்மாவின் பச்சைச் சும்மாடு. எங்கள் அளத்தில் ஆண்கள் தலையில் கூடை சுமக்கமாட்டார்கள். அது பெண்கள் வேலை. கரையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கூப்பிட்டுக் கேலி செய்தார்கள்.

"டேய், பூவும் வெச்சுக்கினு வாடா."

அப்பா திரும்பவில்லை. திரும்பினால் கூடை விழுந்துவிடும். நான் வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் நின்று, அவர் இரண்டு முறை போய் வரும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோடு போட்ட சொல்லை அழித்தேன். அழித்த தடம் இன்னும் இருக்கிறது.

தை பிறந்து அளம் திறந்தது. முகாம் தேதி அதற்கு ஒன்பது நாள் கழித்து. மேஸ்திரி வந்து கேட்டபோது அப்பா, "ரெண்டு வேலையும் நானே பாக்குறேன். ரெண்டு மாசம் டைம் குடுங்க" என்றார். மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்து போயிடும்டா" என்றார். பாத்தியை மாற்றிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது முகாமுக்குப் பெரியம்மா தலைகீழாகத் தயார் செய்தாள். மாத்திரை கிடையாது. பழைய புடவை. பூ கிடையாது. அதோடு வீட்டில் ஒத்திகை.

"டாக்டர் எப்படி இருக்கேன்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

"நல்லா இருக்கேன்னு."

"ஐயோ, அறிவு கெட்டவளே. முடியலன்னு சொல்லு. முனகு. எங்க, முனகு பாக்கலாம்."

அம்மா முனகிப் பார்த்தாள். எங்கள் வீட்டு வாசலில் அந்த ஆடு கத்துவது போலவே இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, கடைசியில் பெரியம்மாவும் சிரிக்க, ஒத்திகை அத்தோடு முடிந்தது. "எனுக்கு அதெல்லாம் வராதுக்கா. உள்ளது உள்ளபடி சொல்லுறேன், குடுத்தா குடுக்கட்டும்" என்றாள் அம்மா. இந்த முறை எலுமிச்சை சாதத்தைப் பெரியம்மா மடியில் வைத்துக்கொண்டாள். நோட்டு கைப்பையில் வந்தது.

டாக்டர் வேறு ஆள். தலை நரைத்த பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா" என்றாள் அம்மா. பெரியம்மா என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டாள்.

எக்ஸ்ரே பார்த்தார். நடக்கச் சொன்னார். பிறகு மேஜை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தரையில் போட்டு, "எடுங்க" என்றார். கை பேனாவை நோக்கிப் போனது. நான் மேஜை அருகே போனேன்.

"மேடம், எழுதாதீங்க. எங்கம்மா எப்படி எடுக்குறாங்கன்னு பாருங்க."

பெரியம்மா என் இடுப்பைக் கிள்ளினாள். எடுக்க முடிவதைக் கூப்பிட்டுக் காட்டுகிற பைத்தியம் உண்டா என்பது அந்தக் கிள்ளலின் பொருள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். அம்மாவின் வலது கால் செருப்பை விட்டு நகர்ந்தது. விரல்கள் சாவி வளையத்தைக் கவ்வின. கால் பின்னால் மடிந்தது. கை தொங்கியது. சாவிக்கொத்து மேஜைக்கு வந்துவிட்டது. இடுப்புக்கு மேலே ஒரு அசைவும் இல்லை.

டாக்டர் படிவத்தை ஓரமாக நகர்த்தினார். சாவியை மறுபடியும் கீழே போட்டார்.

"இப்ப கையால எடுங்க."

"கையாலயாம்மா?" என்றாள் அம்மா. யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எட்டு மாதத்தில் நாங்களும் கேட்டதில்லை. அவள் முயன்றாள். கை தொடை வரை போனது. முழங்காலைத் தொடவில்லை. மேல்உதட்டில் வேர்வை முத்துமுத்தாக வந்தது. இன்னொரு கை மேஜை விளிம்பைத் தேடியது.

"போதும் போதும். உட்காருங்க" என்று அவரே எழுந்து வந்து பிடித்தார். "இப்படிக் காலால எடுக்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிறதுக்கு இன்னாம்மா இருக்குது. தலையில உப்பு இருக்கும்போது வேற எப்படி எடுக்குறது?"

டாக்டர் முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். நான் நோட்டை நீட்டினேன். இரண்டு பக்கம் படித்தார். மூன்றாவது பக்கத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து லேசாகச் சிரித்தார். அது என்ன இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "கையெழுத்து நல்லா இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, படிவத்தில் நெடுநேரம் எழுதினார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டாள். என்ன எழுதினார் என்று தெரியாமலேயே மூன்று பேருக்கும் வயிறு நிறைந்தது.

மாசியில் அடையாள அட்டை வந்தது. பங்குனியில் உத்தரவு வந்தது. அதுவரை அப்பா இரண்டு வேலையும் பார்த்தார். வரப்பில் விழுந்தது ஆறு முறை, கொட்டிய உப்பை யாரும் அளக்கவில்லை. கேலி செய்தவர்களில் ஒருவர், மனைவிக்குப் பிரசவம் ஆனபோது, அப்பாவிடம் வந்து சும்மாடு எப்படிச் சுற்றுவது என்று கேட்டுப் போனார். அந்தப் பச்சைச் சும்மாடு பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆட்டைத்தான் சந்தேகப்படுகிறேன். எக்ஸ்ரே போன இடம் தெரியும். சில வருடம் கழித்து வந்த ஒரு கிரகணத்தன்று தெருப்பிள்ளைகள் அதை வெட்டி ஆளுக்கொரு துண்டாகக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தார்கள். அம்மாதான் கத்தரி கொடுத்தாள்.

நான் பத்தாவது முடித்தேன், அதற்கு மேலும் படித்தேன். இன்று எங்கள் வீட்டுச் சமையல் மேடையை முழங்கை அளவுக்கு உயர்த்திக் கட்டியிருக்கிறோம். அம்மா அதில் நின்றபடி என் சமையலைக் குறை சொல்கிறாள்.

முதல் பணம் சித்திரையில் வந்தது. நல்ல வெயில். அளத்துப் பக்கமிருந்து காற்று வாரி அடித்தது. தபால்காரர் வேப்பங்கன்று நிழலில் சைக்கிளை நிறுத்தி, அம்மாவிடம் கைநாட்டு வாங்கி, ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒன்று காற்றில் நழுவித் தரையில் விழுந்து ஓடப் பார்த்தது. அவர் குனிவதற்குள் அம்மாவின் கால் அதைக் கவ்வி, பின்னால் மடங்கி, கைக்குக் கொடுத்துவிட்டது.

தபால்காரர் வாயைப் பிளந்தார். "இன்னாம்மா இது? சர்க்கஸ்காரி மாதிரி எடுக்குறே. உனுக்கா ஊனப் பணம்?"

உள்ளே பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அம்மா நோட்டின் மண்ணைத் தட்டி, மற்றவற்றோடு சேர்த்து மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முதுகுக்குத்தானேண்ணா குடுக்குறாங்க. காலு நல்லாத்தான் இருக்குது."

அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "11.05. பணம் வந்தது. ஒரு நோட்டு பறந்தது. அம்மா எடுத்தாள். காலால்."